பிழை யார் பேரில்

மெர்வின் ஹோல்கோம்ப் பொத்தானை அமுக்கினார். மைதானத்தின் பெரிய பலகையில் ‘பிழை’ என்று சிவப்பு விளக்கு எரிந்தது. கீழே, மூன்றாம் பேஸ் பக்கத்து இருக்கைகளிலிருந்து, அவருடைய மனைவி ஆர்லீன் இடுப்பில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, மாடியில் அவர் உட்கார்ந்திருந்த கண்ணாடி ஜன்னலை நிமிர்ந்து பார்த்தாள்.

அவளோடு அத்தனை வருஷம் குடும்பம் நடத்தியவருக்கு அந்தப் பார்வையின் அர்த்தத்தை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பென்சிலைத் தேடுகிறவர் மாதிரி மேஜைக்கு அடியில் குனிந்துகொண்டார். குனிந்த பிறகுதான் அவருக்கே கோபம் வந்தது. எதற்காகக் குனிய வேண்டும்? என்ன, திருடினாரா?

விஷயம் இதுதான். ஐயோவா மாநிலத்தில் ஆற்றங்கரையில் இருக்கிற மார்லோ என்ற ஊருக்குக் ‘கெளுத்திகள்’ என்று ஒரு பேஸ்பால் குழு. கடைசிப் படி லீக். இங்கே ஆடுகிற பையன்கள் எல்லாருக்கும் ஒரே ஆசை, சீக்கிரம் இந்த ஊரை விட்டு மேல்குழுவுக்குப் போய்விட வேண்டும். அந்தக் குழுவின் ஸ்கோரர் மெர்வின். ஆட்டத்தை நடத்துவது நடுவர்கள் வேலை. நடந்தது என்ன என்று தீர்ப்பு எழுதுவது இவர் வேலை. அடித்தவன் தப்பித்து ஓடி, மைதானத்து மூலையில் பதித்த பேஸைத் தொட்டுவிட்டால், அது அவன் சாமர்த்தியமா, இல்லை பந்தைப் பிடித்து எறிந்தவன் சொதப்பினானா? சாமர்த்தியம் என்றால் ‘ஹிட்’. சொதப்பல் என்றால் ‘பிழை’. அதை ஒரே ஒரு ஆள் முடிவு செய்கிறார். அந்த ஆளை யாரும் கைதட்டிப் பாராட்டியதாகச் சரித்திரமே இல்லை.

மெர்வின் ஓய்வு பெறும்வரை மாவட்டத்தின் எடையளவு ஆய்வாளராக இருந்தவர். கறிக்கடைத் தராசு, பெட்ரோல் பம்பு, தானியக் கிடங்கு எதுவும் அவர் கண்ணுக்குத் தப்பியதில்லை. ஆர்லீனின் சொந்த அண்ணன் கடைத் தராசுக்கே சீல் வைத்தவர். அண்ணன் அன்றிலிருந்து அந்த வீட்டு வாசற்படி ஏறவில்லை. மெர்வினுக்கு அதில் ஒரு வருத்தமும் கிடையாது.

அந்த ஞாயிற்றுக்கிழமைப் பந்தும் தராசில் வைத்த மாதிரி சுத்தமான விவகாரம்தான். எதிரணியில் இரண்டு பேர் அவுட், மூன்றாம் பேஸில் ஒருவன் ஓடத் தயாராக நிற்கிறான். அடித்த பந்து தரையோடு உருண்டு நேராக ஷார்ட்ஸ்டாப்பாக, இரண்டாம் பேஸுக்கும் மூன்றாம் பேஸுக்கும் நடுவே, நிற்கிற பையன் வில்கினிடம் போயிற்று. குழந்தை கூடப் பிடித்துவிடும். அவனும் பிடித்தான். பிடித்தவன் அப்படியே ஒரு கணம் நின்றான். பிறகு அவசர அவசரமாக எறிந்தான். பந்து முதல் பேஸில் கையை நீட்டிக்கொண்டு நின்ற ப்ரேடியின் கையுறைக்கு மேலே பறந்து போயிற்று. எதிரணிக்கு ஒரு ரன். அந்த ஒரு ரன்னில்தான் கெளுத்திகள் தோற்றன.

பிழை. ஷார்ட்ஸ்டாப் பேரில். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

யோசிக்க இருந்தது ஒன்றே ஒன்றுதான். அந்த ஷார்ட்ஸ்டாப் மெர்வின் வீட்டு மாடியறையில் குடியிருந்தான்.

கடைசிப் படி லீக்கில் பையன்களுக்குக் கிடைக்கிற சம்பளத்தில் வாடகைக்கு அறை எடுக்க முடியாது. அதனால் ஊர்க்காரர்களே ஆளுக்கு ஒரு பையனைக் கோடை முழுக்க வீட்டில் வைத்துக்கொள்வார்கள். மார்லோவில் அது ஒரு கௌரவம். மகள் கல்யாணமாகி அரிசோனாவுக்குப் போனதும் மாடியறை காலியாயிற்று. ஆர்லீன் மெர்வினைக் கேட்காமலேயே பேர் கொடுத்துவிட்டாள். ஸ்கோரர் வீட்டில் ஆட்டக்காரனை வைக்கக் கூடாது, நாளைக்கு வம்பு வரும் என்று மெர்வின் அப்போதே தலைபாடாக அடித்துக்கொண்டார். யார் கேட்டார்கள்?

இந்த வருஷம் வந்தவன் வில்கின் பவுலினோ. டொமினிக்கன் நாட்டுப் பையன், இருபது வயது. சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைப்பான். ஆர்லீனை “அம்மா” என்பான். அதோடு முடிந்தது. அன்றிலிருந்து அந்த வீட்டில் மெர்வின்தான் வாடகைக்கு இருப்பவர்.

ஆட்டம் முடிவதற்குள் ஆர்லீனிடமிருந்து செய்தி வந்தது. இறைச்சி ஃபிரிட்ஜில் இருக்கிறதாம். அவனுக்குச் சூடு பண்ணிக் கொடுப்பாளாம். அவருக்கு அப்படியேவாம்.

சொன்னபடியே செய்தாள். சாப்பாட்டு மேஜையில் வில்கினுக்கு ஆவி பறக்கப் பறக்கப் பன்றி இறைச்சி வறுவலும் உருளைக்கிழங்கு மசியலும். மெர்வின் தட்டில் கொழுப்பு உறைந்த ஒரு துண்டு.

“வியாழக்கிழமை மேல்குழுவிலேருந்து ஆள் வர்றாரு,” என்றாள் ஆர்லீன், மெர்வினைப் பார்க்காமல், உப்பு ஜாடியைப் பார்த்து. “ஒரே ஒரு பையனைத்தான் கூட்டிட்டுப் போவாராம். இவன் பேர்ல ஏற்கெனவே இந்த மாசம் பிழை குவிஞ்சு கிடக்கு. அதுல இன்னிக்கு இன்னொண்ணு. யாரு எழுதுனது? இவன் தலைக்கு மேல கூரை குடுத்த மனுஷன்.”

“கூரை குடுத்தது நீ. பிழை பண்ணது அவன். எழுதுனது மட்டும்தான் நான். உன் அண்ணன் தராசுக்கே சீல் வச்சவன் ஆர்லீன், மறந்துடாதே.”

“அதை மறக்க முடியுமா? கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் ஞாபகம் வருது.”

வில்கின் தட்டிலிருந்து தலையைத் தூக்கினான். “பிழைதான் சார். தப்பு என்னோடதுதான்,” என்றான்.

அந்த ஒரு வாக்கியம்தான் மெர்வினைத் தீர்த்துக் கட்டியது. பையன் முறைத்திருந்தால் பதிலுக்கு முறைத்திருக்கலாம். ஆர்லீன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எப்பேர்ப்பட்ட மனசு பாருங்கள், இந்தப் பிள்ளையையா குழிதோண்டிப் புதைக்கப் பார்க்கிறீர்கள் என்று அவருக்கு ஓர் அர்ச்சனை நடந்தது. பிறகு அவனிடம் திரும்பி, பந்தைப் பிடித்ததும் ஏன் ராஜா நின்றாய், வெயில் கண்ணில் அடித்ததா என்று கேட்டாள். வில்கின் அவளை ஒரு தடவை பார்த்தான், தட்டை ஒரு தடவை பார்த்தான், இன்னும் கொஞ்சம் மசியல் கிடைக்குமா என்று கேட்டான்.

மறுநாள் காலை அடுப்பில் ஒரே ஒரு கோப்பை காபி. அதையும் ஆர்லீன் குடித்துக்கொண்டிருந்தாள்.

மெர்வின் கணினியைத் திறந்து ஆட்டத்தின் வீடியோவைப் போட்டார். மைதானத்தில் அடிப்பவன் பின்னாலிருந்து எடுக்கிற ஒரே ஒரு கேமரா, தூரத்து முகங்கள் புள்ளியாகத்தான் தெரியும், சத்தமும் கிடையாது. பந்து வருகிறது. வில்கின் பிடிக்கிறான். நிற்கிறான். எறிகிறான். திரும்பத் திரும்பப் பார்த்ததில் அவர் அதுவரை கவனிக்காத ஒன்றைக் கவனித்தார். அடித்தவன் நல்ல ஓட்டக்காரன். சிறுத்தை மாதிரி ஓடுகிறான். வில்கின் சரியாக எறிந்திருந்தால் கூட அவன் பேஸைத் தொட்டிருப்பானோ? தொட்டிருக்கலாம். தொட்டிருப்பான் என்றே தோன்றுகிறது. தொட்டிருப்பான் என்றால் அது ஹிட்.

இதில் காபிக்குச் சம்பந்தம் இல்லை என்று அவர் தனக்குத் தானே கண்டிப்பாகச் சொல்லிக்கொண்டார். லீக் தலைமையகம் தீர்ப்பை மாற்றுவதற்கு ஒரு கெடு வைத்திருக்கிறது. கெடு இன்னும் முடியவில்லை. ஸ்கோரர் ஆனதிலிருந்து ஒரு தீர்ப்பைக் கூட மாற்றாத மெர்வின் ஹோல்கோம்ப், பல்லைக் கடித்துக்கொண்டு, ‘பிழை’யை அடித்துவிட்டு ‘ஹிட்’ என்று அனுப்பினார்.

கடித்த பல்லில் ஒன்று ஏற்கெனவே பாதி வேலையில் இருந்தது. டாக்டர் லின்க்விஸ்ட் அதைக் குடைந்து, நரம்பை எடுத்து, பஞ்சு வைத்து அடைத்து, செவ்வாய்க்கிழமை வந்தால் மேலே தொப்பி மாட்டிவிடலாம் என்று அனுப்பியிருந்தார். அன்று ராத்திரி மெர்வின் தட்டிலும் ஆவி பறந்தது. இடது பக்கம் வைத்தே மென்று தீர்த்தார். செவ்வாய்க்கிழமை போய் நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்தார்.

டாக்டர் விளக்கை இழுத்து முகத்துக்கு நேரே வைத்தார். “மெர்வின், அந்த ஞாயித்துக்கிழமை ரன்னை எங்க டக்கர் கணக்குல எழுதிட்டீங்களாமே,” என்றார்.

மெர்வினுக்கு அப்போதுதான் உறைத்தது. டக்கர் அன்று பந்து வீசிய பிட்சர். நெப்ராஸ்காப் பையன். அவன் குடியிருப்பது இந்த டாக்டர் வீட்டில்.

கணக்கு இப்படி. பிழையால் வந்த ரன் என்றால் பிட்சர் பேரில் சேராது, பாவம் அவன் என்ன செய்வான் என்று விட்டுவிடுவார்கள். ஹிட் என்றால் ரன் முழுசாகப் பிட்சர் தலையில். அதுவரை டக்கர் நல்ல பேரோடு இருந்தான். மெர்வின் ஒரே நாளில் அவன் பேரைக் கெடுத்துவிட்டார். வியாழக்கிழமை வருகிற மனிதருக்காக டக்கரும்தான் காத்துக்கொண்டிருந்தான்.

“ஆ,” என்றார் மெர்வின். வாய்க்குள் டாக்டரின் இரண்டு விரலும் ஒரு கண்ணாடியும் ஓர் உறிஞ்சு குழாயும் இருந்தன.

“எனக்குத் தெரியும், நீங்க நியாயஸ்தர். மறுபடியும் பாக்கிறேங்கிறீங்க.”

“ஆ. ஆ.”

“இன்னிக்கே பாக்கிறேங்கிறீங்க. ரொம்ப சந்தோஷம்.”

டாக்டர் ஒரு துளி வலி கொடுக்கவில்லை. அதைச் சொல்லியே ஆக வேண்டும். பழைய பஞ்சை எடுத்துவிட்டுப் புதுப் பஞ்சு வைத்தார். தொப்பி சரியாக உட்காரவில்லை, திருத்தி வர வெள்ளிக்கிழமை ஆகும், அதுவரை கஞ்சி மாதிரி எதையாவது குடியுங்கள் என்றார். வெள்ளிக்கிழமை என்பது வியாழக்கிழமைக்கு மறுநாள் என்பதை இருவருமே வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளவில்லை.

மெர்வின் காரில் உட்கார்ந்து கொதித்தார். இது பகல் கொள்ளை. ஒரு மனிதனை மல்லாக்கப் படுக்க வைத்து, வாயைப் பிளந்து வைத்துக்கொண்டு நியாயம் கேட்பது எந்த ஊர் நியாயம்? அவர் வேலையில் இருந்த காலத்தில் இப்படி யாராவது மிரட்டியிருந்தால் கடையையே இழுத்து மூடியிருப்பார். ஆனால் அப்போது அவர் பல் எல்லாம் நன்றாக இருந்தது.

வீட்டில் ஆர்லீன் இன்னொரு ஜோரான வறுவல் பண்ணி வைத்திருந்தாள். அவரால் மெல்ல முடியவில்லை. வாசனையை மட்டும் பிடித்துக்கொண்டு மறுபடி வீடியோ முன்னால் உட்கார்ந்தார். திரும்பவும் பிழை என்று எழுதினால் வில்கினின் வாய்ப்புப் போய்விடும். ஹிட் என்றே விட்டால் டக்கரின் வாய்ப்புப் போய்விடும், பல்லும் போய்விடும். வில்கினுக்கும் கெடுதல் இல்லாமல் டக்கருக்கும் கெடுதல் இல்லாமல் ஏதாவது வழி உண்டா?

இருந்தது. முதல் பேஸில் நின்ற ப்ரேடி. எவ்வளவு உயரமான பையன். அந்தப் பந்தை எம்பிப் பிடித்திருக்கலாமே? பிடித்திருக்க வேண்டாமா? பிழைதான், ஆனால் எறிந்தவன் பிழை இல்லை, பிடிக்காதவன் பிழை. ரன் டக்கர் தலையிலும் விழாது. மெர்வினுக்கே தன் மூளையை நினைத்து ஆச்சரியமாக இருந்தது. மூன்றாவது தீர்ப்பை எழுதி அனுப்பிவிட்டு நிம்மதியாகத் தூங்கினார்.

ப்ரேடி யார் வீட்டில் குடியிருக்கிறான் என்று கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

புதன்கிழமை காலை பிளம்பர் ரோஸ்கோ வந்திருந்தார். அந்த வீட்டில் இருப்பது ஒரே ஒரு கழிப்பறை. அதன் தரைக்கு அடியில் குழாய் உளுத்துப் போய், ரோஸ்கோ முந்தின நாளே பீங்கானைப் பெயர்த்து எடுத்து வாசல் புல்வெளியில் வைத்திருந்தார். இன்றைக்குப் புதுக் குழாய் போட்டு மறுபடி பொருத்துவதாக ஏற்பாடு. மெர்வின் வெளியே வந்தபோது அவர் சாமான்களை எல்லாம் திரும்ப வேனுக்குள் ஏற்றிக்கொண்டிருந்தார்.

“என்ன ரோஸ்கோ, குழாய் கிடைக்கலையா?”

“குழாய் கிடைச்சுது. எங்க ப்ரேடி ராத்திரி சாப்பிடலை. அதான்.” ரோஸ்கோ வேன் கதவைச் சாத்தினார். “உயரமான பையன்தான் மெர்வின், நான் இல்லேங்கலை. ஆனா அவன் ஏணி இல்லை.”

மெர்வின் விளக்கம் சொல்ல ஆரம்பித்தார். ரோஸ்கோ மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். நீங்கள் உங்கள் தீர்ப்பை மறுபடி மறுபடி யோசித்துப் பார்க்கிறீர்கள் அல்லவா, அதேபோல் நானும் என் வேலையைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

அன்று முழுவதும் தெருவில் போகிற வருகிறவர்கள் எல்லாரும் அந்தப் பீங்கானைப் பார்த்துவிட்டுத்தான் போனார்கள். எதிர்வீட்டுக்காரர் நாயோடு வந்து நின்று, பூச்செடி வைக்கப் போகிறீர்களா என்று கேட்டார். அவசரத்துக்கு மூவரும் தெருமுனைப் பெட்ரோல் நிலையத்துக்கு ஓட வேண்டியிருந்தது. அந்த நிலையத்தின் பம்புக்கு மெர்வின் ஒரு காலத்தில் சீல் வைத்திருக்கிறார். முதலாளி அதை மறக்கவில்லை. கழிப்பறைச் சாவி வாடிக்கையாளர்களுக்கு மட்டும்தான் என்றார். மெர்வின் ஒவ்வொரு தடவையும் காரை எடுத்துப் போய்ப் பெட்ரோல் போட்டார். மத்தியானத்துக்குள் டாங்கி வழிந்தது. பிறகு பெட்ரோலைச் செலவழிப்பதற்காக ஊரைச் சுற்றினார்.

சுற்றிய இடமெல்லாம் இதே பேச்சுதான். சாப்பாட்டுக் கடையில் அவர் நுழைந்ததும் எல்லாத் தலைகளும் திரும்பின. பரிமாறுகிற பெண், உங்களுக்கு முட்டையா, ரொட்டியா, இல்லை முதலில் ஒன்றைச் சொல்லிவிட்டு அப்புறம் மாற்றுவீர்களா என்று கேட்டாள். மெர்வின் எதுவும் சாப்பிடாமல் எழுந்து வந்துவிட்டார். எப்படியும் மெல்ல முடியாது.

சாயங்காலம் குழுவின் மேலாளர் கோரி தொலைபேசியில் கூப்பிட்டான். சின்ன வயசுக்காரன், எதற்கும் பதறுவான். ஒரே பந்துக்கு மூன்று தீர்ப்பு வந்ததைப் பார்த்து, உங்கள் ஸ்கோரருக்கு உடம்பு சரியாக இருக்கிறதா என்று லீக் தலைமையகத்தில் விசாரித்தார்களாம். நாளை மேல்குழு மனிதர் வரும்போது நீங்களும் வந்துவிடுங்கள், இதை அவர் முன்னாலேயே முடித்துவிடலாம் என்றான்.

மெர்வினுக்கு அன்று தூக்கம் வரவில்லை. தராசில் ஒரு குன்றிமணி கூடக் குறைய விடாத கை. அந்தக் கையால் ஒரு பந்தை மூன்று விதமாக எழுதியாயிற்று. நியாயத்துக்கு ஒன்று, காபிக்கு ஒன்று, பல்லுக்கு ஒன்று. அவருக்கு மற்றவர்கள் மேல் வந்த கோபமெல்லாம் சுற்றிச் சுற்றி அவர் மேலேயே வந்து உட்கார்ந்தது.

வியாழக்கிழமை மத்தியானம் கோரியின் அறைக்கு அவர் போனபோது நாற்காலியே மிச்சமில்லை. கூப்பிடாமலேயே டாக்டர் லின்க்விஸ்ட் வந்திருந்தார், ரோஸ்கோ வந்திருந்தார், ஆர்லீன் கைப்பையை மடியில் கேடயம் மாதிரி பிடித்துக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருந்தாள். வில்கினையும் கோரி கூப்பிட்டு நிறுத்தியிருந்தான். மேல்குழுவிலிருந்து வந்த பிரிச்சர்ட் என்ற பெரியவர் ஜன்னலோரம் சாய்ந்து நின்று எல்லாரையும் சுவாரசியமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மெர்வின் தொண்டையைச் செருமினார். “முதல் தீர்ப்புதான் என் தீர்ப்பு. ஷார்ட்ஸ்டாப் பிழை. அப்பவும் பிழை, இப்பவும் பிழை. நடுவுல எழுதுனது ரெண்டும் நான் எழுதலை, என் வீட்டு அடுப்பும் டாக்டரோட குறடும் எழுதுனது. என் பல்லு போகட்டும். வாசல்ல இருக்கிற பீங்கான் அங்கேயே இருக்கட்டும், நான் அதுல ரோஜா வைக்கிறேன். இன்னியோட இந்த வேலையும் எனக்கு வேண்டாம்.”

ரோஸ்கோ தலையாட்டினார், அவர் ப்ரேடி தப்பித்தான். டாக்டரும் தலையாட்டினார். ஆர்லீன் மட்டும் ஆடாமல் அசையாமல் இருந்தாள். இனி கிறிஸ்துமஸுக்குத் தானும் தன் அண்ணன் வீட்டுக்குப் போய்விடப் போவதாகச் சொன்னாள்.

பிரிச்சர்ட் அப்போதுதான் வாயைத் திறந்தார். இந்த ஹிட், பிழை விவகாரத்தில் தனக்கு ஒரு அக்கறையும் இல்லை என்றார். பையன்கள் என்றால் பிழை பண்ணத்தான் செய்வார்கள். உண்மையைச் சொன்னால், கூட்டிக்கொண்டு போக அவர் மனதில் வைத்திருந்தது வில்கினைத்தான். டக்கரும் இல்லை, ப்ரேடியும் இல்லை. ஆனால் ஒரு விஷயம் உறுத்துகிறது. அவருடைய ஆள் ஒருவன் அன்று முதல் பேஸ் பக்கத்திலிருந்து தனியாக வீடியோ எடுத்திருக்கிறான். பாருங்கள் என்று தன் கைப்பேசியை மேஜை மேல் வைத்தார்.

எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். வில்கின் பந்தைப் பிடித்தான். பிடித்தவன் தலையைத் திருப்பிப் பார்வையாளர் பக்கம் பார்த்தான். வாய் அசைந்தது. பிறகுதான் பதறி எறிந்தான்.

“கையில பந்து. ரன்னுக்கு ஒருத்தன் ஓடுறான். இவரு கூட்டத்துல யாரோடயோ பேசிக்கிட்டிருக்காரு,” என்றார் பிரிச்சர்ட். “தப்பா எறியறவனை நான் கூட்டிட்டுப் போவேன், சொல்லிக் குடுத்துடலாம். வேடிக்கை பாக்கிறவனை என்ன பண்றது? யாருப்பா அது?”

வில்கின் காதுவரை சிவந்தான். “யாரும் இல்லை சார். தப்பு என்னோடதுதான்.”

“பேர் சொன்னா போதும். காரணம் சரியா இருந்தா நான் யோசிக்கிறேன். சொல்லலேன்னா நான் வேற பையனைப் பாக்க வேண்டியதுதான்.”

“தப்பு என்னோடதுதான் சார்.”

மெர்வினால் பொறுக்க முடியவில்லை. நான்கு நாளாக இந்தப் பையன் இந்த ஒரே வாக்கியத்தைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறான். இவன் சாப்பாட்டுக்கு முன்னால் கை கூப்புகிறவன், ஊரில் இருக்கிற தங்கச்சிகளுக்கு வாராவாரம் பேசுகிறவன், மணி ஒன்பதுக்கு மேல் வெளியே போகாதவன். இவனா வேடிக்கை பார்க்கிறவன்? அவன் பேரில் பிழை எழுதியது அவர்தான், அதில் மாற்றமில்லை. ஆனால் செய்யாததற்கு ஒருத்தன் தண்டனை வாங்குவதை அவர் ஆய்வாளராக இருந்த காலத்திலும் பார்த்துக்கொண்டு சும்மா இருந்ததில்லை. ஒருதலைப்பட்சமாக முடிவு செய்யாதீர்கள், சாட்சி விசாரியுங்கள் என்று பிரிச்சர்டிடம் சண்டைக்கே போய்விட்டார்.

ஆர்லீனுக்கோ உண்மை பளிச்சென்று புரிந்துவிட்டது. யாரோ ஒரு பெண். வேறென்ன? நல்ல பிள்ளையாக இருப்பதால் பேரைக் காட்டிக் கொடுக்காமல் தன் எதிர்காலத்தையே தாரை வார்க்கிறான். கையில் பந்தோடு நிற்கிற பையனைக் கூப்பிட்டுப் பேச ஒருத்திக்கு எவ்வளவு கொழுப்பு இருக்க வேண்டும் என்றாள். பெற்றவர்கள் வளர்த்த லட்சணம் அப்படி என்றாள். அந்தப் பக்கத்து இருக்கைகளில் யார் யார் இருந்தார்கள் என்று இப்போதே விசாரித்தாக வேண்டும் என்றாள்.

கோரி வெளியே ஓடி, தாழ்வாரத்தில் கூடையில் கடலைப் பொட்டலம் அடுக்கிக்கொண்டிருந்த டெல்பர்டை இழுத்து வந்தான். ஆட்டம் நடக்கிற நேரம் முழுவதும் மூன்றாம் பேஸ் பக்கத்துப் படிகளில்தான் அவர் கடலை விற்பார். ஞாயிற்றுக்கிழமையும் அங்கேதான் நின்றாராம். அன்று கூட்டமே இல்லை, தும்மினால் கூட மைதானம் முழுக்கக் கேட்கும் என்றார். எல்லாம் தெளிவாகப் பார்த்தாராம். ஆனால் என்ன பார்த்தார் என்று கேட்டதும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துத் திருகினார். வில்கின் அவரைப் பார்த்து வேண்டாம் என்று லேசாகத் தலையசைத்தான்.

மெர்வின் அவர் தோளைத் தொட்டார். “டெல்பர்ட், ஒரு பையனோட வாழ்க்கை. உள்ளதைச் சொல்லுங்க.”

“சொல்லுங்க டெல்பர்ட், பயப்படாதீங்க,” என்றாள் ஆர்லீன் எழுந்து நின்று. “அவ யாரா வேணா இருக்கட்டும், மேயர் பொண்ணாவே இருக்கட்டும். எங்க வீட்டுப் பிள்ளையைக் கெடுத்தவ இந்த ஊர்ல தலை நிமிர்ந்து நடக்க நான் விடமாட்டேன். அவ பேரு எனக்கு இப்ப வேணும்.”

டெல்பர்ட் வில்கினைப் பார்த்தார், மெர்வினைப் பார்த்தார், கடைசியில் தன் தொப்பியையே பார்த்துக்கொண்டு சொன்னார்:

“வேற யாரும்மா, நீங்கதான், பந்து அவன் கைக்கு வந்த நேரமாப் பாத்து எழுந்து நின்னு ‘கண்ணு, தண்ணி குடிச்சியா’ன்னு கேட்டீங்க, பிள்ளை திரும்பி ‘குடிச்சேம்மா’ன்னு பதில் சொல்லிட்டுத்தான் எறிஞ்சான்.”